ஏனக்காவுக்கு ஒரு தனிப் பலகை

உலகத்தில் சங்கங்கள் உடைவதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கின்றன. தலைவர் பதவிக்காக உடைந்திருக்கின்றன. மேடையில் யாருக்கு முதல் மாலை என்பதற்காக உடைந்திருக்கின்றன. ஆனால், "நாய் கலைச்சா சைக்கிளை வேகமா உழக்கிறதோ, இறங்கி நிக்கிறதோ?" என்ற ஒரே கேள்வியால் ஒரு சனசமூக நிலையத்தை நடுவால் பிளந்த பெருமை, எனக்குத் தெரிந்து ஏனக்காவுக்கு மட்டுமே உரியது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். நாயாற்றுக் கரையில் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டும் இருப்பார்கள். இடம்பெயர்ந்து முரசுமோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு அது எங்கேயோ தொலைந்துவிட்டது. நாங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதன் வாலைப் பிடித்து "ஏன்?" என்று இழுப்பார். ஆகவே ஏனக்கா.

அது தொண்ணூறுகளின் முற்பாதி, இலங்கையின் வடக்கில் யுத்தமும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். வன்னிக்குள் பெற்றோலை மருந்து மாதிரிச் சின்னப் போத்தலில் அளந்து விற்றார்கள். பஸ் வந்தால் அதிசயம், வராவிட்டால் வழமை. ஆகவே முழு வன்னியும் சைக்கிளில் ஏறியிருந்தது. மாப்பிள்ளை சைக்கிளில் போனார், பொம்பிளை அதே சைக்கிளில் டபிள் வந்தார். நெல் மூட்டை, விறகு, வாழைக்குலை, ஆட்டுக்கடா எல்லாம் கரியரில் போயின. ஒருவர் அலுமாரி ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அலுமாரி தானே பெடலை உழக்கிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

சைக்கிள் இருந்தது. ஆனால் ரியூப் வராது, ரயர் வராது, ஒட்டுப் போடுகிற சொலூசன் வராது. ஆளாளுக்கு ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டுதான் ஓடினார்கள்.

எங்கள் நிலையத்தின் முன்சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. பத்திரிகைத் தலைப்புகளை எழுதத்தான் அதை வைத்திருந்தோம். ஆனால் பத்திரிகை வந்து சேர்வதற்குள் ஊர் அந்தச் செய்தியைக் கதைத்து, சண்டை பிடித்து, சமாதானமாகியும் விடும். சும்மா கிடந்த பலகையில் யாரோ ஒருவர், "பின்சில்லு றிம் வெடிச்சுப்போச்சு. என்ன செய்யலாம்?" என்று எழுதிவிட்டுப் போனார். அடுத்த நாள் அதன் கீழே ஒரு பதில் இருந்தது. அதற்கடுத்த நாள், அந்தப் பதில் பிழை என்று இன்னொரு பதில் இருந்தது. பிறகு நிற்கவேயில்லை. பரந்தன் பக்கமிருந்தும் தருமபுரம் பக்கமிருந்தும் வருகிறவர்கள் இறங்கி வாசித்து, ஒரு பதிலை எழுதி, ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நான் அப்போது நிலையத்தின் செயலாளர். செயலாளர் என்றால் சோக்கட்டிக்குப் பொறுப்பு.

தலைவர், ஸ்ரேசன் மாஸ்ரர். ரயில் நின்று, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும்கூடக் காணாமல் போன பிறகும், மாஸ்ரர் மட்டும் ஓய்வு பெறாமல் இருந்தார். மெயில் ரயில் வருகிற நேரத்துக்கு வெள்ளைக் காற்சட்டையோடு தன் வீட்டு வாசற் படலையடியில் வந்து நிற்பார். பலகைக்கும் அவர்தான் சட்டம் போட்டார். கேள்வி மேலே, பதில் கீழே, சண்டை ஓரத்தில்.

இந்த ஒழுங்கான உலகத்துக்குள்தான் ஒருநாள் ஏனக்கா மீன்பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஓடிக்கொண்டு அல்ல, உருட்டிக்கொண்டு. சைக்கிள் புருசனுடையது. தோணியைக் கரைக்கு இழுக்கும்போது இடுப்பில் அடிபட்டு அவர் படுக்கையில் இருந்தார். கடலேரிக் களப்புக் கரையில் மீனை எடுத்துச் சைக்கிளில் வந்து விற்பது அவர் செய்த தொழில். இப்போது அதே பாரச் சைக்கிளை, அதே பெட்டியோடு, ஏனக்கா அத்தனை கட்டைத் தூரமும் உருட்டிக்கொண்டு வந்தார். வந்து சேர்வதற்குள் வெய்யில் ஏறிவிடும். மீனின் கண் கலங்கிவிடும். சனம் செவுளைத் தூக்கிப் பார்த்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு போய்விடும். பாதி மீன் கருவாடாகத்தான் வீட்டுக்குத் திரும்பும்.

அன்றைக்குப் பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"தம்பி, இதில ஆரும் கேக்கலாமோ?"

"ஓம் அக்கா, ஆரும் கேக்கலாம்."

"ஏன் அப்ப பொம்பிளையள் ஒருத்தரும் கேக்கேல்லை?"

நான் சோக்கட்டியைக் கொடுத்தேன். அவர் பெரிய எழுத்தில் எழுதினார்: "சைக்கிள் நிக்கேக்க விழுது. ஓடேக்க ஏன் விழேல்லை?"

பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கொட்டில் வைத்திருந்த ராமையா எட்டிப் பார்த்துச் சிரித்தார். மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் அவருடையது. பாதி நாள் வயலில், பாதி நாள் கொட்டிலில் இருப்பார்.

"அது பழக்கங்க அக்கா."

"ஆருக்குப் பழக்கம்? சைக்கிளுக்கோ?"

ராமையா கொட்டிலுக்குள் போய்விட்டார். விஞ்ஞானம் படிப்பிக்கிற வாத்தியார் ஒருவர் அம்புக்குறி போட்டுப் படம் கீறி விளக்கினார். அந்தப் படம் பலகை முழுவதையும் பிடித்துக்கொண்டது. ஏனக்கா அதன் கீழே எழுதினார்: "சரி. ஏன்?" வாத்தியார் அந்தப் பாதையால் வருவதை நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் மாஸ்ரர் தானே முன்வந்தார். "இஞ்ச பார் பிள்ளை. ரயில் விழாமல் இருக்கிறதுக்குக் காரணம் தண்டவாளம். சைக்கிள் விழாமல் இருக்கிறதுக்குக் காரணம் ஓடுறவன்ர ஒழுக்கம்."

"ஒழுக்கமான ஆக்களும் விழுகினம்தானே மாஸ்ரர். ஏன்?"

அன்றிலிருந்து கேள்விகள் மழையாகக் கொட்டின. ஏறும்போது எந்தக் காலை முதல் வைப்பது, அது ஏன்? பெல் அடித்தும் மாடு விலகாவிட்டால் யாரில் பிழை? பிறேக் பிடித்தால் நிற்கும் என்கிறார்கள், பிடிக்க மறந்தால்? அத்தனை பேரும் கூடிப் பதில் எழுதினார்கள். ஏனென்றால் எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்விகள் அவை. சிக்கலான கேள்விக்கு ஒருவர் பதில் எழுதுவார், இலேசான கேள்விக்கு ஊரே எழுதும்.

பிறகு வந்தது நாய்க் கேள்வி. உழக்குகிற கட்சி, இறங்குகிற கட்சி என்று ஊர் இரண்டாகியது. உழக்குகிற கட்சிக்காரர் ஒருவர், இறங்கி நின்றதால் கடிபட்டதற்கு ஆதாரமாகக் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டித் தழும்பைக் காட்டினார். எதிர்க்கட்சிக்காரரிடமும் ஒரு தழும்பு இருந்தது. அது உழக்கியதால் வந்தது. அவருடையது பெரிய தழும்பு என்பதால் வாதம் இன்னும் சூடேறியது.

அந்த அமளியில் யாரோ இடம் போதாமல் மேலே இருந்த ஒரு கேள்வியை அழித்துவிட்டார்கள். விசுவமடுப் பக்கமிருந்து விறகு ஏற்றிவரும் ஒருவருடைய கேள்வி அது. முன்சில்லைப் பிடித்திருக்கிற 'போக்' என்ற இரும்புக் கவட்டில் வெடிப்பு ஒன்று தெரிகிறது, பாரம் ஏற்றலாமா என்று கேட்டிருந்தார். பதில் இல்லாததால் ஒன்றுமில்லை என்று நினைத்து ஏற்றினார். போக் வழியில் முறிந்தது. நல்ல காலம், ஆளுக்குக் காயமில்லை. விறகையும் சைக்கிளையும் மாறி மாறிச் சுமந்துகொண்டு வந்து நிலைய வாசலில் போட்டார்.

"என்ர போக்கை அழிச்சுப்போட்டு நாயை எழுதியிருக்கிறியள்! சீவன் போயிருந்தா நாயோ செத்தவீட்டுக்கு வந்து தேவாரம் பாடும்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாஸ்ரர் பொதுக்கூட்டம் கூட்டினார்.

கூட்டத்தில் மாஸ்ரரின் பிரேரணை தெளிவாக இருந்தது. முன்பலகை அனுபவசாலிகளுக்கு. தொடக்கக்காரருக்கு நிலையத்தின் பின்னால், கிணற்றடியில் தனிப் பலகை. "மெயில் ரயிலையும் சாமான் ரயிலையும் ஒரே லைனில விட்டா என்ன நடக்கும்? அதுதான் நடந்திருக்கு" என்றார். விறகுக்காரர் கையைத் தட்டினார்.

ஏனக்கா பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினார். "மாஸ்ரர், தொடக்கக்காரர் எண்டா ஆர்? அது எப்ப முடியும்?"

"விழாமல் ஓடுறவன் அனுபவசாலி. விழுறவன் தொடக்கக்காரன்."

"நீங்கள் கடைசியா எப்ப விழுந்தனீங்கள்?"

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விடை தெரியும். போன கிழமைதான், பிள்ளையார் கோயில் முன்னால், ஐயர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாஸ்ரர் விழுந்திருந்தார். கூரை அதிரச் சிரித்தார்கள். மாஸ்ரரின் காது சிவந்தது. பிரேரணை தோற்றுப்போகும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் கையை உயர்த்தச் சொன்னபோது, முதலாவதாக உயர்ந்த கை ஏனக்காவுடையது.

"என்ன அக்கா, உங்களைத்தானே பின்னுக்கு விடுகினம்?" என்றேன்.

"எனக்கெண்டு ஒரு முழுப் பலகை தாறன் எண்டுகினம் தம்பி. நான் ஏன் வேண்டாம் எண்டுவன்?"

பழைய கதவொன்றுக்குக் கரி பூசிக் கிணற்றடிச் சுவரில் மாட்டினோம். மேலே மாஸ்ரர் தன் அழகான எழுத்தில் "தொடக்கக்காரர் பலகை" என்று எழுதினார். தண்ணீர் அள்ள வந்த பெண் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "எங்களைத் துடக்கெண்டு, தீட்டுக்காரர் மாதிரிப் பின்னுக்கு ஒதுக்கிப்போட்டினம்" என்று சிரித்தார். அந்தப் பகிடி அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் போய்விட்டது. பகிடியோடு பலகையின் செய்தியும் போனது.

நாங்கள் எதிர்பாராத காரியம் அதன்பிறகுதான் நடந்தது. முன்பலகையடியில் எந்நேரமும் ஆம்பிளைகள் நிற்பார்கள். அதனால் எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. கிணற்றடி பெண்களின் இடம். குடம் நிரம்பும் நேரத்தில் வாசித்தார்கள். பிறகு எழுதினார்கள். ராமையாவின் மனைவி பார்வதி ஒருநாள், "சேலை செயினில சிக்காம என்ன பண்றது?" என்று எழுதினார்.

"உங்கட மனுசன்தானே சைக்கிள் திருத்திறவர். அவரிட்டக் கேக்கலாமே, ஏன் கேக்கேல்லை?" என்றார் ஏனக்கா.

"அவருகிட்ட கேட்டா சிரிப்பாருங்க."

"இஞ்ச ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். சிரிச்சா ஏனெண்டு கேப்பன்."

பின்னேரங்களில் வாய்க்கால் கட்டின் மேல் சைக்கிள் பழக்கம் தொடங்கியது. ஒருவர் ஏற, இருவர் பிடிக்க, மற்றவர்கள் கத்த. ஏனக்கா விழாத இடம் கிடையாது. வாய்க்காலுக்குள் விழுந்தார், வயலுக்குள் விழுந்தார், ஒருமுறை நின்ற இடத்திலேயே சைக்கிளோடு ஆறுதலாகச் சாய்ந்து விழுந்தார். எழும்பியவுடன் எங்கே நொந்தது என்று பார்க்கமாட்டார். நேரே கிணற்றடிக்கு வந்து, ஏன் விழுந்தேன் என்று பலகையில் கேட்பார்.

முன்பலகையோ அமைதியாகிவிட்டது. அனுபவசாலிகள் பெரிய பெரிய கேள்விகளை எழுதிவிட்டு, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் என்ன நடக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அனுபவசாலி பின்பலகையைப் பார்த்தால் மரியாதை என்னாவது?

அதன் விளைவு மாஸ்ரரின் வேலிக்குள் வந்து விழுந்தது. பின்பலகையில் யாரோ, "பிறேக் பிடிக்கேக்க கிறீச்செண்டு சத்தம் வந்தால் றிம்முக்குத் தேங்காயெண்ணெய் பூசவும்" என்று எழுதியிருந்தார்கள். பூசினார்கள். சத்தம் நின்றது. பிறேக்கும் நின்றது. அன்று பின்னேரம் வாய்க்கால் கட்டிலிருந்து ஏனக்காவும் பார்வதியும் ஆளுக்கொரு சைக்கிளில், ஒரு சத்தமும் இல்லாமல், மிக அழகாகச் சறுக்கிக்கொண்டு வந்தார்கள். எதிரே மாஸ்ரரின் கிடுகு வேலி. பார்வதி வேலியோடு நின்றுவிட்டார். ஏனக்கா வேலியைத் தாண்டி வைக்கோற் போர் வரை போனார்.

மாஸ்ரர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே ஓடி வந்தார். "இதுக்குத்தான் சொன்னனான், அனுபவம் இல்லாத ஆக்கள் ரோட்டுக்கு வரக்கூடாதெண்டு!"

வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "எண்ணெய் பூசச் சொல்லிப் பலகையில கிடந்தது மாஸ்ரர்."

"ஆர் உந்த விசர்ப் பதிலை எழுதினது?"

"எங்களைப் போல ஒரு தொடக்கக்காரர். பிழையெண்டு தெரிஞ்ச நீங்கள் ஒருத்தரும் பின்னுக்கு வந்து பாக்கேல்லை. ஏன்?"

ஏனக்கா தலையில் வைக்கோலோடு எழும்பி நின்றார். முழங்கையில் இரத்தம் வழிந்தது. அவர் முகத்தில் பகிடி இல்லை.

"மாஸ்ரர், நான் பகிடிக்குச் சைக்கிள் பழகேல்லை. வீட்டில மனுசன் கிடையில. வெய்யில் ஏற முன்னம் மீன் வந்தாத்தான் எங்களுக்குச் சோறு. தனிப் பலகை நல்லதுதான், நான் குறை சொல்லேல்லை. அதாலதான் இவ்வளவு பொம்பிளையளும் வாய் திறந்தவை. ஆனால் தெரிஞ்ச ஆக்கள் முன்னுக்கும் தெரியாத ஆக்கள் பின்னுக்கும் இருந்தா, நாங்கள் உங்கட வேலிக்கதான் வந்து விழுவம்."

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"சோக்கட்டியைப் பின்னுக்கு வையுங்கோ. முன்னால கேள்வி எழுத விருப்பமான ஆள் கிணத்தடிக்கு வந்து, எங்கட கேள்வி ஒண்டுக்குப் பதில் எழுதிப்போட்டு சோக்கை எடுத்துக்கொண்டு போகட்டும்."

மாஸ்ரர் வேலியில் விழுந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல வெளித்தது. "அதாவது, பின் ஸ்ரேசன் லைன் கிளியர் தராமல் முன் ஸ்ரேசன் ரயிலை விடேலாது."

"அப்பிடியெண்டா என்ன மாஸ்ரர்?"

"நீ சொல்லுறது சரியெண்டு அர்த்தம்."

அடுத்த நாளே சோக்கட்டி கிணற்றடிக்குப் போனது. செயலாளரான என்னிடம் ஒரு பொறுப்பும் மிஞ்சவில்லை. முதலில் அனுபவசாலிகள் முணுமுணுத்தார்கள். பிறகு குடங்களுக்கு நடுவில் வரிசையாக நின்று, மணிக்கணக்காக யோசித்து எழுதினார்கள். பாரத்தோடு எப்படி ஏறுவது, எப்படிச் சமநிலை பிடிப்பது என்று விறகுக்காரர் எழுதியதைப் பெண்கள் அழிக்கவே விடவில்லை. ராமையா தன் மனைவியின் சேலைக் கேள்விக்குத் தகரத்தில் ஒரு செயின் மறைப்பு வெட்டிப் பதிலாகப் பலகையில் தொங்கவிட்டார். சிரிக்கவில்லை. சிலர் பின்னால் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே முன்னால் கேட்கவந்த கேள்விக்கு விடை தெரிந்து, சோக்கட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை. பனைகளுக்கு மேலே சூரியன் அப்போதுதான் தலையைக் காட்டியது. மாஸ்ரர் வழமைபோலப் படலையில் நின்றார். நான் நிலையத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தூரத்தில் பெல் சத்தம், விடாமல் அடித்தது. ஏனக்கா வந்தார். உருட்டிக்கொண்டு அல்ல, ஓடிக்கொண்டு! பின்னால் நிறைந்த மீன்பெட்டி. ஹாண்டில் இரண்டு பக்கமும் ஆடியது, ஆனால் சைக்கிள் விழவில்லை.

எங்களைத் தாண்டும்போதுதான் கத்தினார். "மாஸ்ரர்! களப்படியில மதகில ஏறி நிண்டு ஏறினனான்! பெட்டியோட இறங்கிறது எப்பிடி?"

"பலகையில கேட்டனியோ?" என்றார் மாஸ்ரர், பழக்கதோஷத்தில்.

"எழுத நேரமில்லை!"

மாஸ்ரர் ஓடத் தொடங்கினார். வெள்ளைக் காற்சட்டையோடு, ஒரு கையால் இடுப்புப் பட்டியைப் பிடித்தபடி, சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடினார். "பிறேக்கை மெல்லமாப் பிடிச்சு இடப்பக்கம் சரிச்சு இறங்கு!"

"ஏன்?"

"ஏனெண்டு பிறகு சொல்லுறன், முதல்ல சரிச்சு இறங்கு!"

"ஏனெண்டு தெரியாமல் சரிக்கமாட்டன்!"

வாசல்களில் சனம் கூடிவிட்டது. ஒரு பெண் சட்டியோடு பின்னால் ஓடிக்கொண்டே, "ஏனக்கா, என்ன மீன்?" என்று கேட்டார். "ஓரா! மணலை மீனும் கிடக்கு! எல்லாம் இப்பத்தான் பிடிச்சது!" என்று ஏனக்கா திரும்பாமலே வியாபாரம் பேசினார். கோயிலடியில் வட்டமடித்துத் திரும்பி வந்தார். மாஸ்ரரும் வட்டமடித்துத் திரும்பி வந்தார். கடைசியில் ராமையா கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு நெல் மூட்டையை இழுத்துவந்து தெருவோரம் போட்டார். ஏனக்கா அதில் ஒரு காலை ஊன்றி, மகாராணி பல்லக்கிலிருந்து இறங்குவது போல இறங்கினார்.

பெட்டியைத் திறந்தபோது மீனின் கண் கண்ணாடி போல இருந்தது. ஒருவரும் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி காலி. அன்றைக்குக் கருவாட்டுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

மாஸ்ரர் நெல் மூட்டையில் இருந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஏனக்கா ஒதுக்கி வைத்திருந்த பெரிய மணலை மீன் ஒன்றைப் பனையோலையில் சுற்றி அவர் மடியில் வைத்தார்.

"இதேன் பிள்ளை?" என்றார் மாஸ்ரர்.

ஏனக்கா வெறும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மூட்டையில் கால் வைத்து ஏறி, வீட்டுப் பக்கம் போனார்.

சில வருடங்கள் கழித்து முரசுமோட்டையை விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டி வந்தது. அந்தக் கதையை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஆளுக்கொரு திசையாகப் போனோம். ஒருநாள் விசுவமடுத் தெருவில், புழுதிக்குள்ளே, சனத்துக்குள்ளே நான் நடந்துகொண்டிருந்தபோது எதிரே மீன்பெட்டிச் சைக்கிள் ஒன்று வந்தது. நல்ல வேகம். பாரத்தோடு வந்தவர் என்னைக் கண்டதும் இடப்பக்கம் சரித்து, மிக இலேசாக இறங்கினார்.

"தம்பி! ஏனப்பு இப்பிடி மெலிஞ்சுபோனாய்?"

அந்த நாட்களில் வழியில் கண்ட எத்தனையோ பேர் என்னிடம் சுகம் கேட்டார்கள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார்கள். அவர்களுக்கும் அவசரம், குறை சொல்ல முடியாது. ஏனக்கா மட்டும் பாரச் சைக்கிளை ஸ்ராண்டில் போட்டுவிட்டு, வெய்யில் ஏறிக்கொண்டிருந்தும், மீன் பழுதாகும் என்று தெரிந்தும், நான் பதில் சொல்லி முடியும்வரை நின்றார்.